நம் வேலிச் செடியும் பேர்ல் ஃப்ரையரும்

(பொங்கல் விழா அன்று மாலை நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

 

எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். கோலப் போட்டிப் பரிசுக்காகக் குழந்தைகளும், அவர்களைவிட ஆவலாக அம்மாக்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கும் வேலிச் செடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதைப் பிடுங்கிவிட்டு, இன்டர்லாக் கல் பதித்து, டூவீலர் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் மார்ச் மாதப் பொதுக்குழுவுக்கு வருகிறது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே தீர்மானத்தை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவனே ஏன் மாறினான் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதைச் சொல்ல, முதலில் சி பிளாக்குக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய்வர வேண்டும்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் டுராண்டாச் செடி திடீரென்று ஒரு பறவை மாதிரி நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் வாத்து என்று நினைத்தேன். குழந்தைகள் டைனோசர் என்றார்கள். வெட்டியவர் சி பிளாக் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பி. நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். அவரைக் கேட்டால் மயில் என்றார். தோகை அடுத்த வருடம்தான் வரும் என்றும் சொன்னார்.

இரண்டு மூன்று பேர் புகார் செய்தார்கள். பொதுச் செடியில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாமா என்று கேட்டார்கள். கமிட்டியில் பேச்சு வந்தபோது நான் சொன்னது மினிட்ஸில் இருக்கிறது, மறைக்க முடியாது. "வாடகைக்கு இருப்பவர்கள் பதினோரு மாதத்தில் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குச் செடியைப் பராமரிக்கும் அக்கறை எங்கே இருக்கும்?" அடுத்த நாளே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினோம். அடியில் என் கையெழுத்து. அந்தத் தம்பி படித்துவிட்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக் கத்தரியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகைக்குள் மயிலும் இல்லை, வாத்தும் இல்லை. பழைய புதர்தான் நின்றது.

மார்கழியில் என் மகள் ஒரு ஆவணப்படத்தை அனுப்பி வைத்தாள். 2006இல் எடுத்தது. படத்தின் பெயர் 'எ மேன் நேம்டு பேர்ல்'. "அப்பா, உங்கள் டுராண்டா விவகாரத்துக்கு இது பொருந்தும், பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்வதா, அக்கறை என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பேர்ல் ஃப்ரையர் என்பது ஒரு ஆணின் பெயர். முத்து என்று நாம் ஆண்பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லையா, அது மாதிரி. 1939இல் வட கரோலினா மாநிலத்தில் கிளின்டன் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவர். அப்பா குத்தகை விவசாயி. அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டு, விளைச்சலில் பங்கு கொடுக்கும் முறை. நம் டெல்டாவில் வாரம் என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். ஃப்ரையர் வளர்ந்து, தகர டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, தென் கரோலினாவில் பிஷப்வில் என்ற சின்ன ஊருக்கு வந்தார். சுற்றிலும் பருத்திக் காடு, வசதி குறைந்த மாவட்டம். அங்கே ஒரு வீடு வாங்கப் பார்த்தார். வெள்ளையர்கள் வசிக்கும் பகுதி அது. அங்கிருந்தவர்களுக்கு அவர் வருவதில் விருப்பமில்லை. அவர்கள் சொன்ன காரணம், கறுப்பினத்தவர்கள் வீட்டு முற்றத்தைச் சரியாகப் பராமரிக்க மாட்டார்கள் என்பது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்துதான் மறுபடி போட்டேன். நான் நிறத்தைச் சொல்லவில்லை, சாதியைச் சொல்லவில்லை, வாடகையைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வாக்கியம் என்னவோ அதே வாக்கியம்தான்.

ஃப்ரையர் சண்டைக்குப் போகவில்லை. வேறு இடத்தில் வீடு வாங்கினார். அந்த ஊரில் ஐரிஸ் கார்டன் கிளப் என்று ஒரு தோட்டச் சங்கம் இருந்தது. மாதாமாதம் ஒரு வீட்டு முற்றத்தைத் தேர்ந்தெடுத்து, வாசலில் ஒரு பலகை நட்டு வைப்பார்கள். இந்த மாதத்தின் சிறந்த முற்றம் என்று அர்த்தம். அந்தப் பலகை தன் வாசலிலும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவரை எந்தக் கறுப்பினத்தவர் வீட்டு முன்பும் அது நின்றதில்லை.

அவருக்குத் தோட்டக்கலை தெரியாது. ஒரு நர்சரியில் உருவமாக வெட்டிய செடி ஒன்றைப் பார்த்து, இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். கடைக்காரர் மூன்று நிமிடம் வெட்டிக் காட்டினார். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. செடி வாங்கவும் அதிகப் பணமில்லை. வாடிப்போய் விலைபோகாது என்று நர்சரிக்காரர்கள் குப்பையில் ஒதுக்கியவற்றை எடுத்து வந்து நட்டார். தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். முடிந்து வந்து, பெரிய விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி வரை வெட்டுவார். அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் குடியிருப்பாக இருந்தால் இரண்டாம் நாளே வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும்.

1985இல் அந்தப் பலகை அவர் வாசலில் நின்றது.

அதோடு நிறுத்தியிருந்தால் இன்று யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அவர் வெட்டிக்கொண்டே போனார். சுமார் மூன்று ஏக்கர், முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளும் மரங்களும். யானை, முயல் என்று அடையாளம் சொல்லும்படி அவர் அதிகம் வெட்டவில்லை. சுருள், வளைவு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டு, உயரமான ஒரு மரத்தை மீன் முள் மாதிரி, இப்படி. கம்பிச் சட்டம் வைத்து அதற்குள் செடியை வளர்ப்பது ஒரு முறை. இவர் முன்கூட்டிப் படம்கூட வரையாமல், ஏணியில் ஏறி நேராகச் செடியிலேயே உருவத்தைத் தேடினார். தரையில் அன்பு, அமைதி, நல்லெண்ணம் என்ற பொருள்வரும் மூன்று ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தாக வெட்டிப் பூச்செடி நட்டார். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். தென் கரோலினா மாநில அருங்காட்சியகத்திலும் அவர் வெட்டிய செடிகள் வைக்கப்பட்டன. அவர் பெயரில் கல்வி உதவித்தொகை ஒன்றும் ஏற்பட்டது. அது முதல் ரேங்க் வாங்குகிறவர்களுக்கு இல்லை, சுமாரான மார்க் வாங்குகிறவர்களுக்கு. எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்தது. பி.காம்.இல் நான் வாங்கிய மார்க் அப்படி.

செடியை உருவமாக வெட்டும் இந்தக் கலைக்கு டோபியரி என்று பெயர். ரோமானியர் காலத்திலேயே உண்டு. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகைத் தோட்டம் 1694இல் தொடங்கியது, இன்றும் அதே உருவங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் பம்பாய் மலபார் ஹில் தொங்கும் தோட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1880களின் தொடக்கத்தில் குடிநீர்த் தேக்கத்தின் மேல் அமைத்தது. நான் எல்.டி.சி.யில் போனபோது வேலிச் செடியிலேயே யானையும் ஒட்டகமுமாக வெட்டி வைத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அதை யார் வெட்டுகிறார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்டுகிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். சண்டிகரில் நேக் சந்த் என்ற பொதுப்பணித் துறை ஊழியர், 1957இலிருந்து யாருக்கும் தெரியாமல், உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளை வைத்து ஒரு சிற்பத் தோட்டமே கட்டினார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் யாரிடமும் படிக்காதவர்தான். ஆனால் அவர் சிமென்டில் செய்த பொம்மையை ஒரு வருடம் யாரும் தொடாவிட்டாலும் அது பொம்மையாகவே நிற்கும். செடி அப்படி நிற்காது. நம் டுராண்டா மூன்று மாதத்தில் காட்டிவிட்டது.

ஃப்ரையருக்கு வயதாகி, கத்தரியைத் தூக்கி ஏணி ஏற முடியாமல் போனபோது இதுதான் நடந்தது. உருவங்கள் கலைய ஆரம்பித்தன, சில செடிகள் பட்டுப்போயின. 2021 வாக்கில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்கள் உதவிக்கு வந்தார்கள். ஒஹாயோவிலிருந்து மைக் கிப்சன் என்ற இளைய டோபியரிக் கலைஞர் வந்து, மரம் மரமாகப் பழைய வளைவைத் தேடிப் பிடித்து வெட்டினார். ஈக்வடார் நாட்டில் துல்கான் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் 1936இல் அசாயேல் ஃபிராங்கோ என்பவர் சைப்ரஸ் மரங்களை வெட்டத் தொடங்கினார். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் வெட்டினார்கள். வெட்ட ஆள் இருக்கும்வரைதான் அங்கே உருவம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

ஏ பிளாக் மாமி ஒருவர் என்னிடம் கேட்டார்: "பூவே பூக்காத செடியை வெட்டி வெட்டி வைத்து என்ன பிரயோசனம்? சுவாமிக்கு வைக்க ஒரு பூ கிடைக்குமா?" சரியான கேள்வி. தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து ரங்கநாதருக்கு மாலை கட்டிய ஸ்ரீரங்கம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. செடி என்றால் பூ, துளசி, கறிவேப்பிலை என்றுதான் நம் வீடுகளில் வளர்ந்திருக்கிறோம். உருவமாக வெட்டினால் மொட்டு வரும் நுனியும் சேர்ந்து போய்விடும், பூ குறையும். அதனால் செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் யாரும் தொட வேண்டாம், மாமி நிம்மதியாக இருக்கலாம். நான் சொல்வது ஏற்கெனவே வேலியாக நிற்கும் டுராண்டாவையும் சங்கங்குப்பியையும் மட்டும்.

இந்த இரண்டுமே வெட்டுக்கு வாகானவை. இலை சின்னது, கிளை நெருக்கம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். சங்கங்குப்பியை ஆடு மாடு மேயாது. அதனால்தான் நம் பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்து வேலிக்கு அதை வைத்தார்கள். டுராண்டாவின் மஞ்சள் காய் குழந்தைகள் வாயில் போட்டால் ஆகாது, விஷத்தன்மை உண்டு. ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தால் காய் பிடிக்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம். புதரை அப்படியே விட்டுவைத்தால்தான் காய்த்துக் குலுங்கும்.

வெட்டினால் செடி ஏன் அடர்த்தியாகிறது என்று இந்தப் பத்து நாளில் நானும் கொஞ்சம் படித்தேன். கிளையின் நுனிமொட்டு ஒரு சுரப்பை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அது இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கும். நுனியைக் கிள்ளினால் தடை நீங்கி, கீழே இருக்கும் மொட்டுகள் எழுந்து, ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று வரும். துளசியின் கதிரைக் கிள்ளச் சொல்லும் பாட்டிகளுக்கு ஆக்சின் என்ற பெயர் தெரியாது, விஷயம் தெரியும்.

நம் ஒப்பந்தத் தோட்டக்காரர் வேலியை வெட்டும் விதத்தில் ஒரு தவறு இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் வெட்டுகிறார். மேல் பாகம் குடை மாதிரி நிழல் போடுவதால் கீழே வெயில் விழாமல் இலை உதிர்ந்து குச்சியாகி நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் "வேலி செத்துவிட்டது, பிடுங்கிவிடலாம்" என்று நாங்கள் தீர்மானம் எழுதினோம். அடியைச் சற்று அகலமாக விட்டு, மேலே போகப் போகக் குறுக்கி வெட்ட வேண்டும். ஒரே தடவையில் மொட்டையடிக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் கத்தரியைத் தொடவே கூடாது. அதுவரை நிழலில் இருந்த உள் இலை நம் லால்குடி வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும். வெட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது. குளவிக் கூடு இருக்கும். பாம்பும் இருக்கலாம், வாய்க்கால் பக்கம் என்பதை மறக்க வேண்டாம். சின்னான் குருவி கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடலாம்.

தண்ணீர் செலவு என்று ஒரு ஆட்சேபணை. ஃப்ரையர் உரம் போட்டதில்லை, பூச்சிமருந்து அடித்ததில்லை. செடியைச் சுற்றி ஊசியிலைச் சருகைக் கனமாகப் போட்டு மூடிவிடுவார். ஈரம் காயாது, மக்கினால் அதுவே உரம். அங்கே மழை வருடம் முழுவதும் பரவலாகக் கிடைக்கும், நமக்கு ஐப்பசி கார்த்திகையோடு சரி. அதனால் தண்ணீரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைக்கலாம். இன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கரும்பு கட்டியிருக்கிறோம். நாளை மறுநாள் அவ்வளவு தோகையும் நகராட்சிக் குப்பை வண்டிக்குத்தான் போகும். அதை நறுக்கி வேலி அடியில் போட்டால் கோடை வரை தாங்கும். தினமும் பெருக்கிக் கொளுத்தும் வேப்பஞ்சருகையும் அப்படிச் செய்யலாம். புகையும் மிச்சம்.

டூவீலர் இடப் பிரச்சினை உண்மையான பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இரும்புச் சாமான்கள் துருப்பிடித்துக் கிடக்கும் இடத்தைக் காலி செய்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். செயலாளர் தலையை ஆட்டுகிறார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று இங்கிருந்து தெரியவில்லை. பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம்.

என் கையெழுத்தைத் தீர்மானத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தோட்டக் குழுவில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே இருக்கலாம் என்ற விதியை நீக்க வேண்டும் என்று தனியாக ஒரு தீர்மானமும் கொடுத்திருக்கிறேன். நம் 48 வீடுகளில் 19 வீடுகளில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள். பராமரிப்புத் தொகையை மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். பொருளாளராக இருந்தவன் சொல்கிறேன், பாக்கிப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் வேறு. அந்தப் பெயர்களை இங்கே படிக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

போன வாரம் நோட்டீஸ் போர்டிலிருந்து அந்த அறிவிப்பை நானே கிழித்து எடுத்துவிட்டு, சி பிளாக்குக்குப் போனேன். தம்பி வேலை முடிந்து அப்போதுதான் வந்து, கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். "பரவாயில்லைங்க சார்" என்றார். உட்காரச் சொன்னார். அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வருடமாக அதே வீட்டில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு மாதம் என்று நான் சொன்ன கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

மயிலை மறுபடி வெட்ட முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பழைய கழுத்துக் கிளை இன்னும் உள்ளே இருக்கு சார், கெட்டுப் போகல. மேலே வளர்ந்ததை எடுத்தா தெரிஞ்சிடும். ஆனா அந்தக் கத்தரி மழுங்கிப்போச்சு, சாணை பிடிக்கணும்" என்றார்.

சாணை பிடித்து வாங்கி வந்துவிட்டேன். செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நல்லது, டுராண்டாவில் முள் உண்டு. குழந்தைகள் கத்தரியைத் தொட வேண்டாம், விழும் தழையை அள்ளிப் போடலாம். அது மயிலா டைனோசரா என்பதை வெட்டி முடித்த பிறகு அவர்களே சொல்லட்டும்.

கோலப் பரிசை ஆரம்பிக்கலாம்.